நகராத மேகம்

அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே "வடிகட்டி சார்" என்பார்கள். அவர் தலை மறைந்ததும் அந்த "சார்" உதிர்ந்துவிடும். நமக்கு அவர் எந்தக் கெடுதலும் செய்யவில்லை என்பதால் வடிகட்டியார் என்றே வைத்துக்கொள்வோம்.

வானிலைத் துறையின் செயற்கைக்கோள் பிரிவில் அவருக்கு வேலை. அந்தப் பிரிவு இருப்பது மூன்றாம் மாடியில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில். பூமி முழுவதையும் மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஜன்னல் ஒரு கேடா என்று கட்டடம் கட்டியவர் நினைத்திருக்க வேண்டும். அதனால், நாட்டின் எந்த மூலையில் மழை, எந்த மூலையில் வெயில் என்று விரல் நுனியில் வைத்திருந்த அத்தனை பேரும், சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது குடை எடுக்கலாமா வேண்டாமா என்பதை வாசல் காவலரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

செயற்கைக்கோள் தலைக்கு மேலே போகும்போது தரை வெளியே விடும் சூட்டை அளந்து அனுப்பும். அதை வைத்து எந்த ஊர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று வரைபடம் போடலாம். ஒரே ஒரு சிக்கல். நடுவில் மேகம் வந்து நின்றால் அதற்குத் தரை தெரியாது, மேகத்தின் உச்சந்தலைதான் தெரியும். அந்த உச்சந்தலையோ பயங்கரக் குளிர். அதைத் தரை என்று நம்பி வரைபடம் போட்டால் கோடைகாலத்திலேயே நாடு உறைந்துபோனதாகச் செய்தி வரும். ஆகவே மேகத்தைப் பிரித்துத் தூக்கி எறிய ஒரு வடிகட்டி வேண்டும். கணினியில் அந்த வடிகட்டியை எழுதியவர் நம்மவர். அப்போது அவருக்குத் தலை நிறைய முடியும் நெஞ்சு நிறைய நம்பிக்கையும் இருந்தன.

அவர் எழுதிய விதி ரொம்ப எளிமையானது. மைனஸ் முப்பத்தைந்து டிகிரிக்குக் கீழே எது தெரிந்தாலும் அது மேகம். தரை அவ்வளவு குளிராது. ஏன் குளிராது? தலைநகர விமான நிலையத்தின் பழைய கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார், அங்கே இதுவரை அவ்வளவு குளிர்ந்ததில்லை. விமான நிலையமே குளிராதபோது நாட்டில் வேறு யார் குளிரத் துணிவார்கள்? ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் எடுத்த முடிவு அது. அதற்குப் பிறகு இயக்குநர்கள் வந்தார்கள், ஓய்வு பெற்றார்கள், கணினிகள் மாறின, நாற்காலிகள் மாறின, வடிகட்டியாரின் முடியும் போனது. மைனஸ் முப்பத்தைந்து மட்டும் அசையவில்லை.

மேகத்தை எறிந்தால் வரைபடத்தில் அங்கங்கே வெள்ளையாக ஓட்டை விழும். உண்மையில் அந்த ஓட்டைதான் வரைபடத்திலேயே நாணயமான பகுதி. எனக்குத் தெரியாது என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் தெரியாது என்று சொல்லவா அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது? இப்போதைய இயக்குநர் அம்மா பொறுப்பேற்ற கையோடு வரைபடத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்ன சார் இது, பூச்சி அரிச்ச சால்வை மாதிரி? இதையா நான் அமைச்சர்கிட்ட காட்டறது?"

வடிகட்டியார் உடனே இன்னொரு நிரல் எழுதினார். எங்கே ஓட்டை இருந்தாலும் அக்கம்பக்கத்தின் சராசரியை எடுத்து அங்கே ஒட்டுப் போட்டுவிடும். ஓட்டையில்லாத வரைபடம் பளபளவென்று வந்தது. துறைக்கு விருதும் வந்தது. இயக்குநர் மேடையேறிக் கோப்பையை வாங்கிக்கொண்டார். வடிகட்டியாருக்கு ஒரு மரக்கேடயம் கொடுத்தார்கள். குளியலறைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அவருடைய மனைவி அதை முட்டுக் கொடுத்து வைத்தார். நல்ல கனமான கேடயம்.

பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிற அந்த அம்மாள் புருஷனைச் சரியாகவே எடை போட்டு வைத்திருந்தார். வீட்டிலும் அவருக்கு அதே வடிகட்டிதான். மகள் கணக்கில் பதினொரு மதிப்பெண் வாங்கி வந்தபோது "அச்சுப்பிழையா இருக்கும்" என்றார். ஹீட்டர் புகைந்தபோது "தானா சரியாயிடும்" என்றார். "நீங்க எதிர்பார்க்காதது எதுவும் உலகத்துல நடக்கக் கூடாது, அப்படித்தானே?" என்று மனைவி ஒருநாள் கேட்டே விட்டார். அது அவர் காதில் விழுந்தது. விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை.

இந்த மனிதரை இன்னமும் "டேய்" போட்டுக் கூப்பிடுகிற ஒரே ஜீவன் அவருடைய அக்கா. அக்கா வாக்கப்பட்டது வடக்கே ஒரு சிற்றூரில். சுற்றிலும் மலை, நடுவில் ஆறு, ஆற்றங்கரையில் ஊர். எல்லோரும் அதைப் பள்ளம் என்றே சொல்வார்கள். அங்கே அக்கா ஆணி, பூட்டு, பெயின்ட் விற்கிற கடை வைத்திருந்தார். அத்தான் பள்ளிக்கூடப் பேருந்தின் ஓட்டுநர். பேருந்துக்கு அவர் ராணி என்று பெயர் வைத்து, அக்காவுக்குக்கூடக் காட்டாத கரிசனத்தை அதற்குக் காட்டினார். பள்ளத்தில் முன்பு ஒரு வானிலை நிலையம் இருந்தது. மேலே இருந்துதான் எல்லாம் தெரிகிறதே, கீழே எதற்குத் தனியாக ஓர் ஆள் என்று சிக்கனக் குழு அதை மூடிவிட்டது. அந்தக் குழுவுக்கு மேலே இருந்து எல்லாம் தெரியும் என்று சான்று கொடுத்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அத்தானுக்கும் வடிகட்டியாருக்கும் ஒரு பழைய கசப்பு உண்டு. போன குளிர்காலத்தில் பெரும் பனிப்பொழிவு வரும் என்று துறை எச்சரித்து, பள்ளத்தில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். மறுநாள் சுள்ளென்று வெயில். முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அத்தானைப் பிடித்துக்கொண்டார்கள். "உங்க மச்சான் சொன்ன பனி எங்கங்க, வழியில நின்னு டீ குடிக்குதா?" அத்தான் முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தவர், அதற்குப் பிறகு மச்சான் பேச்சை எடுத்தாலே டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அந்த வருடக் குளிர் சொல்லிவிட்டே வந்தது. மேல்வானத்தைக் கவனிக்கிற பிரிவில், துருவத்தைச் சுற்றி வேலி போல வீசுகிற காற்று தளர்ந்துவிட்டதென்று செயற்கைக்கோள் படங்களை வைத்து முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டார்கள். வேலி தளர்ந்தால் அங்கே அடைத்து வைத்த குளிரெல்லாம் கீழே இறங்கிவரும். வந்தது. நாடே வெடவெடத்தது. துறையில் மட்டும் ஒரே கொண்டாட்டம். சொன்ன மாதிரியே ஜனங்கள் கஷ்டப்படுகிறார்களே, சும்மாவா! வெளிநாட்டு விருந்தினர் குழு ஒன்றும் ஓட்டையில்லாத வரைபடத்தைப் பார்க்க வந்து இறங்கியது. இயக்குநர் புதுக் கோட்டு வாங்கினார்.

அன்று காலை அக்காவிடமிருந்து போன் வந்தது.

"டேய் தம்பி, டிவியில மைனஸ் இருபத்திரெண்டுன்னு போடறாங்களே, அது எந்த ஊருக்கு?"

"உங்க ஊருக்குத்தான்க்கா."

"அப்ப நான் எந்த ஊர்ல இருக்கேன்?"

"என்னக்கா ஆச்சு?"

"கடையில ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கினேன், பிஸ்கட் மாதிரி உடைஞ்சு கையோட வருது. பெயின்ட் கம்பெனிக்காரன் ஒரு வெப்பமானி கொடுத்தான்ல, அதுல சிவப்புக் கோட்டையே காணோம். அடியில குண்டுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு."

"ஓசியில வந்த வெப்பமானி வேற எப்படிக்கா இருக்கும்?"

"வெப்பமானி கெடக்கட்டும். நாளைக்கு இன்னும் அதிகமாகும்னு நீங்கதானே சொல்றீங்க? உங்க அத்தான் காலையில முப்பது பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு ஆத்தோர ரோட்டுல போகணும். கடைசி நிறுத்தம் தாண்டினா ஸ்கூல் வர்ற வரைக்கும் ஒரு வீடு கிடையாது, போன்ல டவர் கிடையாது. டீசல் உறைஞ்சுபோய் வண்டி நின்னுடுச்சுன்னா பிள்ளைங்க கதி என்னடா?"

வடிகட்டியார் பொறுமையாக விளக்கினார். குளிர்காலத்துக்கென்று விற்கிற டீசல் மைனஸ் இருபத்தைந்து வரை தாங்கும். பள்ளத்தில் இருபத்திரெண்டு. மூன்று டிகிரி கையிருப்பு இருக்கிறது. போதாததற்கு, கணினியில் மேகப் படத்தைத் திறந்து பார்த்தால் பள்ளத்தின் மேலே முழுக்க மேகம் என்று போட்டிருந்தது.

"மேகம் இருந்தா நல்லதுக்கா. போர்வை மாதிரி. தரையில இருக்கற சூட்டை வெளியே விடாது."

"மேகமா? எங்கடா?"

"உன் தலைக்கு மேலதான்."

"இரு, வெளியில போய்ப் பாத்துட்டு வர்றேன்."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து பேசியபோது அக்காவின் பற்கள் தந்தியடித்தன.

"ஒரு பொட்டு மேகம் இல்ல. வானம் துடைச்சு விட்ட மாதிரி நீலமா இருக்கு."

"இருக்குக்கா. நான்தான் பார்த்துக்கிட்டே இருக்கேனே."

"நான் கீழேயே நிக்கறேன்டா!"

"செயற்கைக்கோள் பொய் சொல்லாதுக்கா."

"அப்ப நான்தான் பொய் சொல்றேனா?" என்று கேட்டுவிட்டு அக்கா போனை வைத்துவிட்டார்.

ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்துகொண்டு, வானத்தின் கீழே நிற்கிற ஒருத்தியிடம் உன் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று வாதாடியதில் வடிகட்டியாருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அக்காவின் வாயை அடைக்க வேண்டும் என்பது மட்டுமே அவருக்கு இருந்தது. மேகம் நேற்றே வந்துவிட்டது என்று காட்டினால் அடங்கிவிடுவாள் என்று முந்தைய நாளின் படத்தை எடுத்தார். ஆமாம், நேற்றும் மேகம் இருந்தது. அதற்கு முந்தைய நாளும் இருந்தது. மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

மூன்றிலும் ஒரே வடிவம். கொடியில் காயப் போட்ட காலுறை மாதிரி நீளமாக இறங்கி, கீழே குதிகால் மடங்கி, விரல் பக்கம் கொஞ்சம் பிதுங்கியிருந்தது. நாடு முழுக்க மற்ற மேகங்கள் எல்லாம் காற்றில் ஓடிக்கொண்டிருந்தன. இந்த மேகம் மட்டும் சொந்த வீடு வாங்கிக்கொண்டு குடியேறிய மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது. மேகம் என்றால் நகர வேண்டும். அதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. வடிகட்டியார் எழுந்து சுவரில் மாட்டியிருந்த நில வரைபடத்தின் அருகே போனார். மலைகளுக்கு நடுவே ஆறு ஓடுகிற பள்ளம் நீளமாக இறங்கி, குதிகால் மடங்கி, விரல் பக்கம் பிதுங்கியிருந்தது.

அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, தன் வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் வடிகட்டியை நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்தார். மைனஸ் நாற்பத்தொன்று. மேகமும் இல்லை ஒன்றும் இல்லை. அது தரை. அந்தத் தரையில் அவருடைய அக்கா நின்றுகொண்டிருந்தாள். தரை அவ்வளவு குளிராது என்று அவர் விதி போட்டிருந்ததால், எந்த ஊர் ரொம்பக் குளிர்ந்ததோ அந்த ஊரையே வடிகட்டி மேகம் என்று எறிந்திருந்தது. ஒட்டுப் போடும் நிரல் பிறகு வந்து தன் கைவரிசையைக் காட்டியிருந்தது. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலப் பள்ளத்தில் போய்த் தேங்கும். மலைச்சரிவு அதைவிடக் கதகதப்பாக இருக்கும். நாட்டிலேயே அதிகம் விறைத்த ஊருக்குச் சுற்றியிருந்த மலைகளின் கதகதப்பைச் சராசரி பார்த்து எடுத்து ஒட்டியிருந்தார்கள். தையல் தெரியாத அளவுக்கு அழகான ஒட்டு. அதற்குத்தான் விருது.

பழைய குளிர்காலப் படங்களையும் திறந்தார். கடும் குளிர் வந்த வருடமெல்லாம் அந்தக் காலுறை வந்திருந்தது. யாருமே கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. இயக்குநர் அம்மாவே கவனித்து, "குளிர்காலங்களில் வடபகுதிப் பள்ளத்தாக்கில் அதிகரித்துவரும் மேகமூட்டம்" என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதி, அதற்குப் பாராட்டும் வாங்கியிருந்தார். காரணம் இன்னும் ஆராயப்பட வேண்டும் என்று கடைசி வரியில் இருந்தது. காரணம் இப்போது நாற்காலியில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தது.

வடிகட்டியாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிதாகப் பயம் வந்தது. நாளைக் காலையின் அந்த ஆற்றோரச் சாலை கண்முன்னே வந்தது. பள்ளத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை போனால் பள்ளிக்கூடம் தானாக மூடும், பேருந்து வெளியே வராது. போகாவிட்டால் வரும். மாலைச் செய்திக்குள் போக வேண்டும்.

முதலில் கீழ்மாடியில் இருந்த முன்னறிவிப்பாளரிடம் ஓடினார். அவர் பருத்த மனிதர், எந்த நெருக்கடியிலும் ரஸ்க்கைத் தேநீரில் நனைப்பதை நிறுத்தாதவர்.

"சிவப்பு போடணும்னா படத்துல மைனஸ் முப்பதுக்குக் கீழ இருக்கணும் சார். உங்க படத்துல இருபத்திரெண்டு."

"படம் தப்பு."

"உங்க படமே தப்புன்னு நீங்களே சொல்றீங்களா?" முன்னறிவிப்பாளரின் ரஸ்க் தேநீருக்குள் விழுந்து மூழ்கியது. அதற்காக அவர் நிஜமாகவே வருந்தினார். "எனக்கொண்ணும் இல்ல சார். படத்தை மாத்துங்க, நான் சிவப்பு போட்டுடறேன். ஆனா படத்தை மாத்த மேடம் கையெழுத்து வேணும்."

மேடம் கூட்ட அறையில் இருந்தார். திரையில் ஓட்டையில்லாத வரைபடம் ஜொலித்தது. விருந்தினர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். கதவோரம் நின்று கையைப் பிசைந்த வடிகட்டியாரைப் பார்த்ததும், இயக்குநர் சிரித்த முகத்தோடு வெளியே வந்து, கதவைச் சாத்திய பிறகு சிரிப்பைக் கழற்றினார்.

"என்ன சார், இப்பவா வரணும்?"

அவர் சொன்னார். காலுறையைச் சொன்னார், நாற்பத்தொன்றைச் சொன்னார், முப்பது பிள்ளைகளைச் சொன்னார். இயக்குநர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உங்க அக்கா போன் பண்ணினாங்கன்னு நாட்டோட வரைபடத்தை மாத்தணுமா?"

"அக்காவுக்காக இல்ல மேடம். தரையைத்தான் நாம மேகம்னு..."

"போன வருஷம் வெயிலுக்குப் பனின்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டது போதாதா? விதிப்படி ரெண்டு தனித்தனிச் சான்று வேணும். ஒண்ணு இருக்கு, வச்சுக்குவோம். இன்னொண்ணு? பள்ளத்துல நமக்கு நிலையமே கிடையாது."

நிலையத்தை மூடியது யார் என்று கேட்கிற நிலைமையில் வடிகட்டியார் இல்லை. அங்கே அளக்க ஆள் இல்லாததால் அங்கே குளிர் இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்ற அந்த நியாயத்தில் குறை சொல்லவும் ஒன்றுமில்லை. அதே நியாயத்தில்தான் அவர் இத்தனை வருடம் குப்பை கொட்டினார்.

அப்போதுதான் அந்தக் கிழம் நினைவுக்கு வந்தது. ஆயுள் முடிந்து எத்தனையோ வருடமாகியும் சாகாமல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய செயற்கைக்கோள். அது அனுப்பும் படம் மொத்தையாக, கண் சரியாகத் தெரியாதவர் வரைந்தது போல இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. அதற்கும் வடிகட்டி பொருத்த வேண்டும் என்று ஆண்டுக் கூட்டத்தில் தவறாமல் தீர்மானம் போடுவார்கள், வடிகட்டியாருக்குத் தவறாமல் நேரம் இருக்காது. அவர் வாழ்க்கையில் செய்த உருப்படியான காரியம் அந்தச் சோம்பல்தான். உடைந்த நாற்காலிகள் அடுக்கிய அறையில் இருந்த கணினியைத் தூசு தட்டி எழுப்பினார். அது முனகி, யோசித்து, கடைசியில் படத்தைக் காட்டியது. மொத்தையாக ஒரு காலுறை. மைனஸ் முப்பத்தொன்பது.

இரண்டு படங்களையும் அச்செடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தவரை இயக்குநர் அமைதியாகப் பார்த்தார். படங்களையும் பார்த்தார். அந்த அம்மாளுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எந்தப் பக்கம் திருப்பினால் வெளிச்சம் தன் மேல் விழும் என்று அந்த மூளைக்கு உடனே தெரியும்.

"அப்போ என் மேகக் கட்டுரை?"

வடிகட்டியார் வாயைத் திறக்கப் போனார்.

"தப்புன்னு சொல்லாதீங்க சார்."

"சொல்லல மேடம்."

"வடிகட்டியில தப்புன்னும் வெளியில சொல்லக் கூடாது. இது மிகக்குளிர்ந்த தரையை இனங்காண நம்ம துறை கண்டுபிடிச்ச புதிய முறை. சரியா?"

"நீங்க கண்டுபிடிச்சது மேடம்" என்றார் வடிகட்டியார். வேறொரு நாளாக இருந்திருந்தால் இந்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு நாக்கு வந்திருக்காது. இன்று, கையெழுத்துப் போட்டால் போதும், நிலாவையே அவர் கண்டுபிடித்தார் என்று வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருந்தார். இயக்குநர் கையெழுத்துப் போட்டார். சிரிப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, விருந்தினர்களுக்கு ஒரு வியப்பான செய்தி இருக்கிறது என்று சொல்லியபடி உள்ளே போனார்.

மாலைச் செய்தியில் பள்ளம் சிவப்பாக வந்தது. சற்று நேரத்தில் அத்தான் போனில் வந்தார். போன குளிர்காலத்துக்குப் பிறகு அவராக அழைத்தது அதுதான் முதல் தடவை.

"என்ன மச்சான், நாட்டுல எங்க ஊர் மட்டும் சிவப்பா இருக்கு. எங்க மேல உனக்கு அப்படி என்ன கோபம்?"

"அத்தான், நாளைக்கு மைனஸ் நாற்பதுக்குக் கீழ போகும். வண்டியை எடுக்காதீங்க."

"காலையில இருபத்திரெண்டுன்னியாம். உங்க அக்கா சொன்னா. சாயங்காலம் நாற்பதா? என்ன, ஏலம் போடறியா?"

"காலையில நான் சொன்னது தப்பு அத்தான்."

"போன வருஷம் சொன்னதும் தப்பு. இன்னைக்குக் காலையில சொன்னதும் தப்பு. இப்ப சொல்றது மட்டும் சரியா?" அத்தான் கேட்ட கேள்விக்கு உலகத்தில் எந்த விஞ்ஞானியிடமும் பதில் இல்லை. "என் ராணி ஒரு நாள் கூட நடுவழியில நின்னதில்ல. அதை நீ மேலே இருந்து பார்த்துட்டு ஓடாதுங்கறே. ஸ்கூலை மூடிட்டாங்க. நாளைக்கு முடிதிருத்தற கடைப் பக்கம் நான் எப்படிப் போறது?"

மறுநாள் காலை வடிகட்டியாரின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. அத்தான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஒரு கை உறையைக் கழற்றிவிட்டு, போனைப் பிடித்திருந்தார். "முதல் நிறுத்தம், மச்சான். ராணி ஓடறா. நல்லா பாத்துக்க." பின்னால் வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள். மச்சானின் மூக்கை அறுப்பதற்காகவே மனிதர் வெறும் பேருந்தை எடுத்துக்கொண்டு வழக்கமான பாதையில் கிளம்பிவிட்டார்.

வடிகட்டியார் திரும்பத் திரும்ப அழைத்தார். அத்தான் எடுக்கவில்லை, வீடியோதான் அனுப்பினார். இரண்டாவது நிறுத்தம். மூன்றாவது நிறுத்தம், இதில் இஞ்சின் சத்தம் கொஞ்சம் தடித்திருந்தது. "பொறாமையா இருக்கா மச்சான்?" பக்கத்து அறையில் புதிய முறைக்காக விருந்தினர்கள் கைதட்டுவது கேட்டது. கடைசி நிறுத்தத்திலிருந்தும் வீடியோ வந்தது. அத்தானின் மீசை வெள்ளையாக இருந்தது. "இவ்வளவுதான் உங்க நாற்பது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு வீடியோ வந்திருக்க வேண்டும். அத்தானின் கர்வத்துக்கு அதை அனுப்பாமல் அவரால் இருந்திருக்க முடியாது. வடிகட்டியார் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டையை அக்கம்பக்கத்தை வைத்து நிரப்பிப் பழகிய மனம், டவர் இல்லை, பேட்டரி தீர்ந்திருக்கும், தானாக வரும் என்று ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டப் பார்த்தது. எதுவும் ஒட்டவில்லை. அக்காவை அழைத்து, "ஆத்தோர ரோட்டுக்கு உடனே ஆளை அனுப்பு, அத்தான் வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார்" என்று கத்தினார். அவர் கத்தி அந்த அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. இயக்குநர் எட்டிப் பார்த்து, விருந்தினர் இருக்கும்போது இதென்ன என்பது போல உதட்டில் விரல் வைத்தார். வடிகட்டியார் இன்னும் சத்தமாகக் கத்தினார்.

சாலையில் பனி அள்ளுகிற வண்டிக்காரர்கள்தான் அத்தானைக் கண்டுபிடித்தார்கள். பேருந்தை விட்டுவிட்டுக் கடைசி நிறுத்தம் இருந்த பக்கமாகத் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தாராம். தள்ளாடி விழுந்து, எழுந்து, மறுபடி நடந்திருக்கிறார். இன்னும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டியிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவர் சொன்னதாக அக்கா அழுதுகொண்டே சொன்னார். மத்தியானம் ஆஸ்பத்திரியில் இருந்து அத்தானே பேசினார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"கை எப்படி இருக்கு அத்தான்?"

"வீடியோ எடுத்த கையில ரெண்டு விரல் போகும்ங்கறாங்க. அது கெடக்கு."

வடிகட்டியார் காத்திருந்தார். மன்னிப்புக் கேட்பார் என்று இல்லை. அத்தான் கேட்கிற ஆளும் இல்லை, அது இவருக்குத் தேவையாகவும் இல்லை.

"ஆத்து வளைவுல நின்னுச்சு மச்சான். ரெண்டு தடவை இருமினா, நின்னுட்டா. வண்டி நின்னா உடனே மேல கண்ணாடியில பின்னாடி பார்க்கறது என் பழக்கம். பிள்ளைங்க பயந்துடுமே, ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கணுமேன்னு." அத்தான் மூச்சை இழுத்து விட்டார். "பார்த்தேன். யாருமே இல்ல மச்சான்."

அந்தப் பக்கம் அவர் விசும்புவது கேட்டது. இந்தப் பக்கம் வடிகட்டியாரும் அறையில் ஆட்கள் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுதார்.